அகஸ்தியம்பள்ளி அளத்து மண்

நேயர்களுக்கு வணக்கம். வேதாரண்யம் உப்பு என்றதும் எல்லோருக்கும் 1930தான் நினைவுக்கு வரும். ஏப்ரல் 13, திருச்சியிலிருந்து ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு நடந்து கிளம்பினார். 30ஆம் தேதி விடியற்காலையில் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். பாடப் புத்தகத்தில் படித்த கதைதான். அந்த உப்பை விளைவித்த மண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு அதைப் பேசலாம்.

இந்தச் சதுப்பில் உப்பு தானாகவும் விளையும். தேங்கிய உவர்நீர் கோடையில் வற்றினால் தரை வெள்ளையாகப் பூத்துவிடும். ஆனால் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அதன்பின் தானாய் விளைந்ததும் சர்க்கார் சொத்து. அள்ளினால் குற்றம். மண்ணோடு கலந்து அழித்ததும் உண்டு. வாசலில் பூத்ததை விட்டுவிட்டு, வரியும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அளத்து உப்பின், அதாவது உப்பளத்தில் பாத்தி கட்டி விளைவிக்கும் உப்பின் கதை வேறு. தை பிறந்ததும் மழைச் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, பாத்தியைக் காலால் மிதிப்பார்கள். ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. களிமண் இறுகும்வரை திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். மிதி சரியில்லையென்றால் நீர் கசியும், வாரும்போது உப்போடு மண்ணும் வரும். பாதம் வெடித்துப்போன கால்களின் வேலை இது.

பிறகு உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் சுண்டவிட வேண்டும். கடல்நீரின் அடர்த்தி பாமே அளவையில் ஏறக்குறைய 3 டிகிரி. வழியில் ஜிப்சம் படிந்துவிடும். 25ஐ எட்டினால் உப்பு பூக்கும். 29ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். எஞ்சிய நீரை அதற்குள் வடித்துவிட வேண்டும். கருவி இல்லாத காலத்தில் கண்ணும் விரலும்தான் அளவை.

விளைந்த உப்பை ஏற்றிப்போக உப்பு வணிகர்களான உமணரின் வண்டிகள் இருந்தன. 1860களில் வேதாரண்யத்தை நாகப்பட்டினத்தோடு இணைக்கும் கால்வாய் வெட்டினார்கள். பின்னால் அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் வந்து, உப்பு மூட்டைகளையும் சுமந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியது. பாத்தியெல்லாம் சேறு. சேற்றை வழித்தெடுத்துவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார்கள்.

நன்றி, வணக்கம்.