ஒரு டொலர் சீட்டுக்கு 8.67 டொலர்! உங்கட ஃபன்டசி ரீமுக்குள்ளயும் இதுதான் நடக்குது

ஒரே லொத்தர், சீட்டு ஒரு டொலர். திருப்பி விக்கக் கேட்டா ஒரு பகுதி ஆக்கள் சராசரியா 1.96 டொலர் கேட்டவை. மற்றப் பகுதி 8.67! ஏன்?

1975இல எலன் லாங்கர் எண்ட உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு. சீட்டு எண்டது அமெரிக்க ஃபுட்போல் வீரர்களின்ர படம் போட்ட அட்டை. கொஞ்சப் பேரைத் தாங்களே அட்டை எடுக்க விட்டவை, மிச்சப் பேருக்கு எடுத்துக் குடுத்தவை. வெல்லுற வாய்ப்பு எல்லாருக்கும் ஒண்டுதான். ஆனா தன்ர கையால எடுத்தவருக்கு அந்த அட்டையை விட மனமில்லை. வீரரின்ர படத்தைப் பாத்து எடுத்த அட்டை! பிரீமியர் லீக் ஃபன்டசி வாறதுக்கு முன்னமே அதின்ர மனசைப் பிடிச்ச ஆய்வு எண்டுதான் நான் சொல்லுவன்.

இப்ப பிரீமியர் லீக் ஃபன்டசி. இங்கிலாந்து உதைபந்தாட்ட லீக்கின்ர உண்மையான வீரர்களை வாங்கி நீங்கள் ஒரு ரீம் கட்டுற விளையாட்டு; அவை மட்ச்சில செய்யிறதுக்கு உங்களுக்குப் புள்ளி. 100 மில்லியன், 15 பேர், ஒரு கழகத்தில ஆகக்கூட 3 பேர். விதி இவ்வளவு காணும்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மட்ச்சான வடக்கின் பெருஞ்சமரில சென்றல், சென் ஜோன்ஸ் எண்டு பிரிஞ்சு நிண்டு கத்தேக்க, ரீமைத் தெரிஞ்சது நீங்கள் இல்லை. இதில 15 பேரும் நீங்கள் தெரிஞ்ச ஆக்கள். அதாலதான் லிவர்பூல் ரசிகர் ஒருத்தர், லிவர்பூலுக்கு எதிரா தன்ர ஸ்ட்ரைக்கர் கோல் அடிச்சாலும் துள்ளுறார்.

பிழைக்கிற இடம் ட்ரான்ஸ்ஃபர், அதாவது ஒருத்தரை வித்துப்போட்டு இன்னொருத்தரை வாங்கிறது. இலவசமா இருக்கிறதுக்கு மேல ஒண்டு செய்தா 4 புள்ளி போகும். கணக்கைப் பாருங்கோ: பழைய ஸ்ட்ரைக்கரும் புதுசும் 60 நிமிசம் விளையாடினா ஆளுக்கு 2. புது ஆள் ஒரு கோல் அடிச்சா இன்னும் 4. கழிச்சா? பூச்சியம்! கோல் அடிச்சும் உங்களுக்கு லாபமில்லை. போன கிழமை ரெண்டு கோல் அடிச்சவர் கண்ணுக்குள்ள நிக்கிறதால இதைச் செய்யிறம்.

கப்டனுக்கு இரட்டைப் புள்ளி. ஆனா அவர் கடைசி ஒரு நிமிசம் இறங்கினாலும் உதவிக் கப்டனுக்கு இரட்டிப்புப் போகாது. காயத்தில இருந்து வாறவரைக் கப்டனாக்காதேங்கோ.

மனசை வெல்ல ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு பேரையும் பாத்து, ‘இவர் என்ர ரீமில இல்லை எண்டா, இண்டைய விலைக்கு வாங்குவனோ?’ எண்டு கேளுங்கோ. இல்லை எண்டா அவரை முதல்ல மாத்துங்கோ.

ரீமை மாத்தக் கடைசி நேரம், அந்தச் சுற்றின்ர முதல் மட்ச்சுக்கு 90 நிமிசம் முந்தி. இங்கிலாந்தில சனி 12.30க்கு மட்ச் எண்டா, அந்தக் கடைசி நேரம் இலங்கையில எங்களுக்குப் பின்னேரம் 3.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 4.30.

இந்தக் கிழமை உங்கட கப்டன் ஆர்? காரணத்தோட கொமண்டில எழுதுங்கோ.