தனிய இருக்கிற நேரமும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

(பௌர்ணமிப் போயா லீவு அண்டு மட்டக்களப்பில ஒரு வாசகர் வட்டத்தில பேசினது. போன்ல ரெக்கோட் பண்ணினதக் கேட்டு எழுதியிருக்கன். நடுவுல கரண்ட் போய் வந்த நேரத்துக் கதையெல்லாம் எடுத்தாச்சு, மத்தப்படி பேசின மாதிரியே விட்டிருக்கு.)

எல்லாருக்கும் வணக்கம், காத்தான்குடிப் பக்கம் இருந்து வந்த ஆக்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

"தனிமையும் மகிழ்ச்சியும்" எண்டு நோட்டீஸ்ல போட்டிருக்காங்க, பாத்தா பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கு, நான் அவ்வளவு பெரிசா ஒண்டும் கதைக்கப் போறதில்ல. தனிய இருக்கக்குள்ள சந்தோசமா இருக்கிறது தானா வராது, பழகணும், பழகிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச மலிவான சாமான் ஒரு கொப்பியும் பேனையும், இதத்தான் கொஞ்சம் இழுத்துச் சொல்லப் போறன்.

முதல் பிரச்சினை என்னெண்டா எங்கட ஊர்ல ஒராள் தனிய இருக்க ஏலாது, விட மாட்டாங்க. பின்னேரம் கல்லடிப் பாலத்தில தனியப் போய் நிண்டு வாவியப் பாத்துப் பாருங்க, அஞ்சு நிமிசத்தில ஒருத்தர் சைக்கிள நிப்பாட்டி "என்ன மனே, வீட்டில ஏதும் பிரச்சினையா" எண்டு கேப்பார். அன்புலதான் கேக்கிறார், அதில குறை சொல்ல ஏலாது. பொம்புளையெண்டா இன்னும் மோசம், புருசன் கட்டார்ல, பிள்ளையள் கனடாவில, இவ வீட்டில தனிய எண்டா போதும், ஒழுங்கை முழுக்க "ஐயோ பாவம், தனிச்சுப் போயிட்டா" எண்டு ஒரு பேர் வெச்சிரும், அந்த மனிசி சுகமா பிளேன்ரீ குடிச்சிட்டு மல்லிகைக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பா, ஆனா பத்துப் பேர் பாவம் பாவம் எண்டு சொன்னா பதினோராவது ஆளா அவவும் நம்பத் தொடங்கிருவா. மட்டக்களப்புக் கூட்டத்தில, எங்கட வாவிக்குள்ள மீன் பாடும் எண்ட பாடும் மீன் கதை வராட்டி கோவிப்பீங்க, அதனால இதையும் சொல்லிருறன், பௌர்ணமி இரவில தோணியில போய் துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மத்த நுனியில காத வெச்சுக் கேக்கிறதெண்டுதான் பெரியாக்கள் சொல்லுவாங்க, இப்ப போற கூட்டம் தோணிக்குள்ள இருந்து கதைக்கிற கதைக்கு மீன் பாடினாலும் ஆருக்குக் கேக்கும்.

ஒண்டு இதிலயே சொல்லிட்டுப் போகணும். 2004 டிசம்பர் 26 சுனாமி அண்டு ஒரு காலையில வீட்டு ஆக்கள் முழுப்பேரையும் கடலுக்குக் குடுத்த சனம் நாவலடியில, கல்லடியில, அங்கால கல்முனை, திருக்கோவில் வரைக்கும் இருக்கு. சண்டைக்குள்ள பிள்ளையத் துலைச்சிட்டு இன்னும் படலையப் பாத்துட்டு இருக்கிற அம்மாமார் இருக்காங்க. அவங்கட்டப் போய் கொப்பி வாங்கி எழுதுங்க அம்மா சந்தோசம் வரும் எண்டு சொல்லுறதுக்கு எனக்கு வாய் வராது. அவங்களுக்கு ஆக்கள் வேணும், பக்கத்தில இருக்கிற ஆக்கள். நித்திரை இல்ல, சாப்பாடு இறங்குதில்ல, செத்தா என்ன எண்டு யோசினை வருது எண்டா அது டயறியால தீர்ற வேலை இல்ல, ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, 1926 எண்டு தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கு, கூச்சப்படாம எடுங்க. நான் இண்டைக்குக் கதைக்கிறது மத்தத் தனிமை, எல்லாரும் இருக்காங்க, ஆனா இந்த ரெண்டு மணித்தியாலம் வீட்டில ஒருத்தரும் இல்ல, அப்ப என்ன செய்யிற எண்டு தெரியாம கை போனத் தேடுதே, அந்தத் தனிமை.

கை போனத் தேடுறது எங்கட பிள்ளையளிட குணம் மட்டும் எண்டு நினைக்காதீங்க. 2014 இல அமெரிக்காவில வில்சன் எண்ட உளவியலாளரும் அவரோட சேர்ந்த ஆக்களும் ஒரு வேலை செஞ்சு பாத்தாங்க. ஒராள ஒரு வெறும் அறைக்குள்ள 15 நிமிசம் விடுறது, போன் இல்ல, புத்தகம் இல்ல, சும்மா யோசிச்சிட்டு இருக்கணும். ஒரு பட்டன் மட்டும் இருக்கு, அமத்தினா கரண்ட் அடிக்கும். எல்லாருக்கும் முதல்லயே ஒருக்கா அடிச்சுக் காட்டி, இது இனி அடிக்காம இருக்கிறதுக்குக் காசு குடுக்கவும் தயார் எண்டு சொன்ன ஆக்களத்தான் கணக்கில எடுத்தாங்க. அப்பிடியிருந்தும் 18 ஆம்புளையள்ள 12 பேர், 24 பொம்புளையள்ள 6 பேர் சும்மா இருக்க ஏலாம தங்களுக்குத் தாங்களே கரண்ட் அடிச்சுக்கிட்டாங்க. அதனால எங்கட பிள்ளை போனோட கிடக்குது எண்டு ஏசுறதுக்கு முதல் நாங்க பத்து நிமிசம் சும்மா இருந்து பாக்கலாம்.

அப்ப சும்மா இருக்கத் தெரிஞ்ச ஆக்களே இல்லையா எண்டு கேட்டா, இருந்தாங்க. எங்கட அம்மப்பா படுவான்கரையில, கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால, வட்டையில, வயல்வெளியில, காவல் கிடந்தவர். வேளாண்மை குடலைக்கு, கதிர் வாற பருவத்துக்கு, வந்திட்டா யானைக்கும் பண்டிக்கும் காவல், இரவு முழுக்க பரணில தனிய. ரேடியோ ஒண்டு இருந்ததாம், பட்டரி முடிஞ்சா அதுவும் இல்ல. அவர் செத்த பிறகு பெட்டகத்துக்க இருந்து ஒரு நீட்டுக் கணக்குக் கொப்பி வந்தது, முன்பக்கம் உரக்கடன், காணிக்காரப் போடியாரிட்ட வாங்கின நெல்லு, கூலி. பின்பக்கத்தில இருந்து தலைகீழா திருப்பி பென்சிலால வேற எழுதியிருந்தார். "மேற்க யானை மூண்டு. வெடி போட்டன். போயிற்று." அடுத்த நாள் "கச்சான் தொடங்கிற்று." கச்சான் காத்தத்தான் சொல்லுறார். மறுகா ரெண்டு பக்கம் ஒண்டும் இல்ல, எலி அரிச்சது. அதுக்குப் பிறகு ஒரு இடத்தில "இண்டைக்கு ஒருத்தரும் வரல்ல. நல்ல காத்து. சோறு மிச்சம், நாய்க்குக் குடுத்தன்."

இவ்வளவுதான். சந்தோசம் எண்ட சொல் அந்தக் கொப்பியில ஒரு இடத்திலயும் இல்ல, நான் தேடிப் பாத்தன். ஆனா ஒருத்தரும் வரல்ல எண்டத அந்த மனிசன் புகாரா எழுதல்ல, காத்தோட சேத்து எழுதியிருக்கார், அவருக்கு ரெண்டும் அண்டைய சேதி. நாங்களெண்டா அந்த இடத்தில என்ன எழுதுவம், "என்ன எல்லாரும் மறந்திட்டாங்க" எண்டுதான். நடந்தது ஒண்டுதான், ஒருத்தரும் வரல்ல, மிச்சமெல்லாம் நாங்க போட்டது. டயறி எழுதினா எனக்குக் கிடைக்கிற பெரிய பலன் இதுதான், எது நடந்தது, எது நான் போட்டது எண்டு தாளில வரக்குள்ள பிரிஞ்சு தெரியும், மண்டைக்குள்ள இருக்கு மட்டும் ரெண்டும் ஒண்டாத்தான் கிடக்கும்.

டயறி வெள்ளைக்காரன்ட பழக்கம் எண்டு ஒரு ஐயா முதல் கூட்டத்தில சொன்னார். புதுச்சேரியில ஆனந்தரங்கம் பிள்ளை 1736 தொடக்கம் 1761 வரைக்கும் தமிழ்ல எழுதியிருக்கார் ஐயா, பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்ஸ் துரைக்குத் துபாசியா, அதாவது மொழிபெயர்க்கிற ஆளா, இருந்தவர், என்ன கப்பல் வந்தது, என்ன சரக்கு என்ன விலை, ஆர் ஆரப் பத்திக் கோள் சொன்னது, எல்லாம் இருக்கு.

ஆனா எங்கட பக்கத்தில இந்தப் பழக்கம் இல்லாததுக்கு சோம்பல் மட்டும் காரணமில்ல, இத இளம் பிள்ளையளுக்குச் சொல்லணும். எழுதின தாள் வீட்டில இருக்கிறதே பயமா இருந்த காலம் இங்க இருந்தது. சண்டைக் காலத்தில ஆமி சுத்திவளைப்பு எண்டு காதில கேட்டாப் போதும், கடிதம், போட்டோ, கொப்பி எல்லாம் அடுப்புக்குள்ள போகும், கிணத்துக்குள்ள போகும், ஆற்றயோ பேர் ஒரு மூலையில எழுதியிருந்தா அது ஆர், என்ன உறவு எண்டு கேள்வி வரும். அந்தக் காலத்து அம்மாமார்தான் இப்பவும் "கண்டதையும் எழுதி வெக்காத மனே" எண்டு சொல்லுறாங்க, ஏன் சொல்லுறம் எண்டு அவங்களுக்கே இப்ப ஞாபகம் இல்ல, ஆனா வாயில வரும். அவங்களோட சண்டை பிடிக்காதீங்க. பேருக்குப் பதிலா ஒரு எழுத்துப் போடுங்க, முடிஞ்சுது.

சரி, எழுதுறது எப்பிடி. எல்லாரும் ஜனவரியில பேங்க்ல குடுத்த தடிச்ச டயறிய எடுத்து முதல் பக்கத்தில "இன்று முதல் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறேன்" எண்டு மேடைத் தமிழ்ல ஒரு வசனம் எழுதுவாங்க, மூண்டாம் நாளில இருந்து அது பால் கணக்கு, பெப்ரவரியில சீட்டுக் கணக்கு. தேதி போட்ட டயறியே வேணாம், ஒரு நாள் விட்டா வெறும் பக்கம் எங்களப் பாத்து முறைக்கும். சீ.ஆர். கொப்பி, கடையில விக்கிற தேதி இல்லாத கோடு போட்ட தடிச்ச கொப்பி, அது போதும், விட்ட நாள் தெரியாது. பாசையும் நீங்க கதைக்கிற பாசையா இருக்கட்டும், வாயில மறுகா எண்டு வந்தா மறுகா எண்டே எழுதுங்க, உங்களுக்கு நீங்களே ஏன் செந்தமிழ்ல கடிதம் போடுறீங்க.

மத்தது, எழுதினாலே மனம் லேசாகிரும் எண்டு சொல்லுறாங்களே, அது பாதிதான் சரி. 1986 இல பென்னிபேக்கர், பீல் எண்ட ரெண்டு பேர் அமெரிக்காவில கம்பஸ் பிள்ளையள தொடர்ந்து 4 நாள், நாளைக்கு 15 நிமிசம், மனச நோகடிச்ச விசயங்கள எழுத வெச்சாங்க. எழுதி முடிச்ச கையோட கேட்டா மனம் இன்னும் பாரமாத்தான் இருந்தது. ஆனா நடந்ததையும் அப்ப என்ன உணர்ந்தம் எண்டதையும் சேத்து எழுதின ஆக்கள் அதுக்குப் பிறகு வந்த மாசங்கள்ல மருந்தெடுக்கப் போனது மத்த ஆக்கள விடக் குறைவு. பென்னிபேக்கர் பிறகு அந்த எழுத்துகளையே எடுத்துப் பாத்தப்ப, நாள் போகப் போக "ஏனெண்டா", "இப்பதான் விளங்குது" எண்ட மாதிரிச் சொற்கள் கூடின ஆக்களுக்குத்தான் பலன் கூட எண்டு தெரிஞ்சுது. ஒரே கோவத்த ஒரே மாதிரி தினமும் எழுதினா அது அரைச்ச மாவ அரைக்கிறதுதான், அதுக்கு எழுதாம படுத்திரலாம்.

ஒரு உதாரணம் சொல்லுறன், ஒரு பிள்ளை எழுதினது, கேட்டுட்டுத்தான் சொல்லுறன். முதல் நாள் எழுதினது, "சித்தி எப்பவும் இப்பிடித்தான். என்ன ஒருத்தருக்கும் பிடிக்காது. இந்த வீட்டில இருக்கவே ஏலாது." அதே விசயத்த, நடந்தது மட்டும் எழுது, எங்க, எத்தின மணிக்கு, ஆர் என்ன சொன்னது எண்டு திருப்பி எழுதச் சொன்னன். "விடிய ஏழு மணி. கிணத்தடி. சித்தி எத்தின நாளைக்கு இப்பிடி சும்மா இருக்கப் போறாய் எண்டு கேட்டா. நான் வாளியப் போட்டிட்டு உள்ள வந்திட்டன். எனக்குக் கோவம். ஏனெண்டா ஏ.எல். சோதினை ரிசல்ட் வந்து அண்டைக்கு ரெண்டாம் நாள்." பாருங்க, கடைசி வசனத்துக்கு வரக்குள்ள சித்தி காணாமப் போயிட்டா. சித்தி கேட்டது சரியெண்டு நான் சொல்லல்ல, ரிசல்ட் வந்த கையோட கேக்கிற கேள்வியா அது. ஆனா அந்தப் பிள்ளைக்கு அண்டைக்கு எரிஞ்சது எது எண்டு அந்தப் பிள்ளைக்கே அந்தக் கொப்பியிலதான் தெரிஞ்சுது, பக்கத்தில ஒருத்தர் இருந்து "விடு விடு" எண்டு சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்காது.

நன்றி டயறி எண்டு ஒண்டும் இப்ப வட்ஸ்அப்ல சுத்துது. அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு, 2003 இல எம்மன்ஸ், மெக்கல்லோ எண்டவங்க வாரத்துக்கு ஒருக்கா நன்றியா நினைக்கிற 5 விசயம் எண்டு 10 வாரம் எழுத வெச்சாங்க, கரைச்சல்கள எழுதின ஆக்கள விட அவங்க தங்கட வாழ்க்கையப் பத்தி நல்லா உணர்ந்தாங்க. நல்ல விசயம்தான், ஆனா எங்கட ஆக்கள் எழுதுறத பாத்தா "கடவுளுக்கு நன்றி, அம்மா அப்பாவுக்கு நன்றி" எண்டு ஒவ்வொரு நாளும் கலியாணக் காட் மாதிரி ஒரே வசனம். சின்னதாப் பாத்து எழுதுங்க, "களுவாஞ்சிக்குடி பஸ்ல யன்னல் சீற் கிடைச்சது" எண்டு எழுதுங்க, நாளைக்கு வாசிக்க அந்தக் காத்து திரும்பி வரும்.

ஒளிக்கிற பிரச்சினைக்கு வாறன், ஏனெண்டா பொம்புளப் பிள்ளையள் முதல்ல கேக்கிறது இதத்தான். அரிசி வாளி, சீலைக்கு அடி, பழைய பாடக் கொப்பிக்கு நடு, எல்லா இடமும் தம்பிமாருக்குத் தெரியும். அப்பாமார் இருக்கிறீங்க, உங்களுக்குச் சொல்லுறன், மகள்ட கொப்பிய எடுத்து வாசிச்சா உங்களுக்கு ஒரு நாள் சேதி கிடைக்கும், அதோட அவ உங்களோட கதைக்கிறத நிப்பாட்டிருவா. பிள்ளையளுக்குச் சொல்லுறது, வெச்சிருக்க ஏலாட்டி எழுதிட்டுக் கிழிங்க, கிழிச்சாலும் எழுதக்குள்ள யோசிச்சது யோசிச்சதுதான். வெச்சிருக்க ஏலுமெண்டா மாசத்துக்கு ஒருக்கா திருப்பி வாசிங்க, போன மாசம் உலகமே இடிஞ்சு விழுந்தது மாதிரி எழுதின விசயம் என்னெண்டே ஞாபகம் வராது, சிரிப்பு வரும், தனிய இருந்து சிரிச்சா ஒழுங்கையில கதை கட்டுவாங்க, கட்டட்டும்.

நேரம் முடிஞ்சுது எண்டு சேர் கைக்கடிகாரத்தக் காட்டுறார், ரெண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுறன்.

இந்தப் பிள்ளை கேக்கிறது, போன்ல எழுதினா சரியா எண்டு. சரிதான் மகள், டேட்டாவ ஓஃப் பண்ணிட்டு எழுதுங்க. எழுதினத ஸ்டேட்டஸ்ல மட்டும் போடாதீங்க, போட்டா மிச்ச இரவு முழுக்க ஆர் ஆர் பாத்தது எண்டு பாக்கத்தான் நேரம் சரி.

பின்னால இருக்கிற ஐயா கேட்டது, தனக்குக் கண் சரியாத் தெரியல்ல, தான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதலாமா எண்டு. வேணாம் ஐயா. பேத்திக்கு முன்னால நீங்க நல்ல தாத்தாவாத்தான் கதைப்பீங்க, பெத்தாவோட சண்டை பிடிச்சது ஒண்டும் வெளிய வராது. போன்ல ரெக்கோடர் இருக்கு, எந்த இடத்தில அமத்துற எண்டு மட்டும் பேத்தியிட்டக் கேளுங்க, மிச்சத்த அவ ரியூசனுக்குப் போன பிறகு சொல்லுங்க.