அரியணையா, திரையா, தெருவா? தெருதான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஜனவரி 3 அன்று பிறந்த பெண்களில் நமக்குப் பெரிதும் உரம் ஊட்டுபவர் நாட்டை ஆண்டவரா, நடித்தவரா, தெருவில் இறங்கிப் போராடியவரா? 1730-இல் பிறந்த வேலு நாச்சியாரைச் சொன்னார் முதல் அணித் தலைவர். 1905-இல் பிறந்த ஹாலிவுட் நடிகை அன்னா மே வோங்கைச் சொன்னார் அடுத்து வந்த அம்மா. நான் 1831-இல் பிறந்த சாவித்திரிபாய் புலேவுக்காக வந்திருக்கிறேன்.

வேலு நாச்சியாரைக் குறைத்துப் பேசினால் என் நா கூசும். 1772-இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து, விருப்பாட்சியில் தங்கிப் படை திரட்டி, ஹைதர் அலியின் துணையோடு 1780-இல் சிவகங்கையை மீட்ட வீராங்கனை அவர். ஆனால் ஐயா, மீட்பதற்கு அவருக்கு ஒரு சீமை இருந்தது. கூட நிற்க மருது சகோதரர்கள் இருந்தார்கள். சாவித்திரிபாய்க்கு என்ன இருந்தது? ஒன்பது வயதில் கல்யாணம். கணவர் ஜோதிராவ் சொல்லிக் கொடுத்த எழுத்து. அவ்வளவுதான்! அதை வைத்துக்கொண்டு 1848-இல் புனேயில் பிடே வாடா என்ற வீட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தப் போகிறார். வழியெல்லாம் சாணியை எறிகிறார்கள், சேற்றை எறிகிறார்கள். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறார். மறுநாளும் அதே தெரு. அதே சாணி. அன்றும் போகிறார்!

அதே 1848-இல்தான் அமெரிக்காவின் செனிகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான லுக்ரீஷியா மாட் பிறந்ததும் ஒரு ஜனவரி 3, 1793-இல்!

அன்னா மே வோங்குக்கு வருகிறேன். 2022-இல் அமெரிக்க நாணயத்தில் அவர் முகம் பொறிக்கப்பட்டதை அம்மா பெருமையோடு சொன்னார். எனக்கும் பெருமைதான். ஆனால் 1937-இல் வந்த ‘தி குட் எர்த்’ படத்தில் சீன விவசாயியின் மனைவி வேடம் ஜெர்மானிய நடிகைக்குப் போயிற்று. சீன வம்சாவளிப் பெண்ணான இவருக்கு நீட்டியது ஆசைநாயகி வேடம். ‘மாட்டேன்’ என்று மறுத்தார். அம்மா, அந்த ‘மாட்டேன்’ போராளியின் சொல் அல்லவா? அவரும் எங்கள் அணிதான்!

அரசி நாட்டைக் காத்தார் என்றார்கள். சாவித்திரிபாய் யாரைக் காத்தார்? ஊர் ஒதுக்கிய கர்ப்பிணி விதவைகளை. அப்படிப்பட்ட ஒரு பிராமண விதவையின் குழந்தை யஷ்வந்தைத் தத்தெடுத்து டாக்டராக்கினார். 1890-இல் கணவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச் சட்டியைத் தானே ஏந்தினார். ஒரு பெண், அந்தக் காலத்தில்!

1897-இல் புனேயைப் பிளேக் சூறையாடியது. முடிந்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 66 வயதுக்காரி நோயாளிகளைத் தேடிப் போனார். நோய் கண்ட ஒரு சிறுவனைச் சுமந்து வந்து மகனுடைய மருத்துவமனையில் சேர்த்தார். அந்த நோயே தொற்றி மார்ச் 10 அன்று மாண்டார். போகச் சொல்லி எந்த அரசாங்கமும் அவருக்கு ஆணையிடவில்லை, எந்த ரசிகரும் கைதட்டவில்லை. அதனால்தான் அவருக்காகத் தீர்ப்புக் கேட்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.