டயர் பெரிதானால் டிஃப் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் ஃபோர் வீல் வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். பட்டறைக்கு வரும் தம்பிமார் பலர் முதலில் பெரிய டயரைப் போட்டுவிடுகிறார்கள். சில மாதம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கேள்வி வருகிறது: "அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது. டிஃப் ரேஷியோ மாத்தணும்னு சொல்றாங்க. எது போடலாம்?" இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டிஃப் என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது டிஃபரென்ஷியலை, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியை. டீசல் வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேச்சில் கொஞ்சம் எண்கள் வரும். வீட்டில் இருப்பவர்கள் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் சாலையைப் பாருங்கள்.

கியர்பெட்டியிலிருந்து பின்னால் போகும் நீண்ட ஷாஃப்ட், டிஃபரென்ஷியலுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதுதான் பினியன். பினியன் பெரிய கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் இருந்தால் ரேஷியோ 4.1. அதாவது ஷாஃப்ட் நாலு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இந்த எண் கூடினால் இழுவை கூடும்; அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுற்றவும் வேண்டும். பெரிய டயர் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. ஒரு சுற்றில் அதிக தூரம் உருளுவதால் எஞ்சின் சுற்று குறைகிறது, இழுவையும் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது? நம் ஊர் பிக்கப் பலவற்றில் கம்பெனி டயர் 265, 65, 17 இஞ்ச் ரிம். அதன் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர், முப்பதரை இஞ்சுக்குச் சற்று மேல். 33 இஞ்ச் டயர் அதைவிட 8 விழுக்காடு பெரியது, 35 இஞ்ச் 14 விழுக்காட்டுக்கும் மேல் பெரியது. பழைய ரேஷியோவைப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுத்தால், கம்பெனி நிலைக்குத் திரும்ப வேண்டிய ரேஷியோ கிடைக்கும். 4.1 உள்ள வண்டியில் 33 போட்டால் 4.4 வரும், 35 போட்டால் 4.7 வரும். அப்படியே அந்த எண்ணில் பினியன், கிரவுன் செட் கிடைக்காது. டொயோட்டாவின் 8 இஞ்ச் டிஃபுக்கு, அதாவது கிரவுன் வீல் 8 இஞ்ச் விட்டம் உள்ளதற்கு, வெளியில் விற்பவை 4.3, 4.56, 4.88, 5.29. அருகில் உள்ளதை எடுத்துப் போட்டால் முடிந்தது என்பார்கள்.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சூத்திரம் உங்களைக் கம்பெனி கணக்குக்குத் திருப்பிக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கம்பெனி கணக்குப் போட்டது வெறும் வண்டிக்கு. உங்கள் வண்டியிலோ இரும்பு பம்பர், வின்ச், ரூஃப் ரேக், பின்னால் கூடாரமும் தண்ணீர்த் தொட்டியும். சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் எஞ்சின் எந்தச் சுற்றில் உயிரோடு இருக்கிறது, நீங்கள் அடிக்கடி ஏறும் ஏற்றத்தில் அது எந்தச் சுற்றில் ஓடுகிறது என்று பாருங்கள். எண்ணை அதிலிருந்து எடுக்க வேண்டும்.

கராக் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். கோம்பாக் டோலைத் தாண்டிக் கெந்திங் செம்பா வரை ஏறுகிறீர்கள், நாலாவது கியர். ஐந்து கியர் மேனுவல் பலவற்றில் நாலாவது ஒன்றுக்கு ஒன்று, எஞ்சின் சுற்றும் ஷாஃப்ட் சுற்றும் சமம், அதனால் கணக்கு எளிது. மணிக்கு 70 கிலோமீட்டரில் 4.1 டிஃபும் கம்பெனி டயருமாக எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1960 சுற்று சுற்றும். 33 போட்டால் 1820, 35 போட்டால் 1710. பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. இப்போது முன்னால் ஒரு சிமெண்ட் லோரி. வேகம் 60க்கு இறங்குகிறது. கம்பெனி டயரில் 1680. 33இல் 1560. 35இல் 1470.

பழைய ஹைலக்ஸ் 2.5 லிட்டர் டர்போ எஞ்சின் தன் முழு முறுக்குவிசையான 260 நியூட்டன் மீட்டரைத் தருவது 1600 சுற்றிலிருந்து 2400 வரை. இப்போது புரிகிறதா? கம்பெனி டயரில் லோரிக்குப் பின்னால் போனாலும் எஞ்சின் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. 33 அதை வெளியே தள்ளிவிட்டது. டர்போவைச் சுழற்றப் போதிய கழிவு வாயு வராது, அது எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட் விழும். மிதியை முழுக்க மிதித்தாலும் கறுப்புப் புகைதான் வரும். மூன்றாவதுக்கு இறக்கினால் எஞ்சின் அலறும், நாலாவதில் விட்டால் முக்கும். இழுக்க மாட்டேன் என்கிறதே என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது இந்த 60 கிலோமீட்டர் ஏற்றத்தைத்தான், காட்டை அல்ல. இதே இடத்தில் 33 டயரோடு 4.56 போட்டிருந்தால் சுற்று 1730. லோரிக்குப் பின்னால் நாலாவதிலேயே நிம்மதியாக ஏறலாம்.

புதிய 2.8 லிட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் வேறு பதில் சொல்வேன். அந்த எஞ்சினின் முதல் வடிவமே ஆட்டோ கியரோடு 450 நியூட்டன் மீட்டர் தந்தது, அதே 1600இலிருந்து 2400க்குள். 33 டயர் 8 விழுக்காட்டைத் தின்றாலும் மிச்சம் ஏராளம். அவர்களிடம் "இப்போதைக்கு டிஃபைத் தொடாதீர்கள், அந்தக் காசுக்கு நல்ல சஸ்பென்ஷன் போடுங்கள்" என்றுதான் சொல்கிறேன். ஆட்டோ கியரில் கவனிக்க வேண்டியது வேறு. உச்சக் கியர் ஆழமான ஓவர்டிரைவ், அதாவது ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் கியர். பெரிய டயரோடு அதில் ஏற்றம் வந்தால் கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும், எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும், கியர் எண்ணெய் சூடேறும். உங்கள் வண்டி அப்படித் தாவினால் ரேஷியோ மாற்றுவதில் நியாயம் உண்டு. தாவாவிட்டால் விட்டுவிடுங்கள்.

டர்போ இல்லாத 4.2 லிட்டர் லேண்ட் குரூசர் வைத்திருக்கும் அண்ணன்மார் ஒருவகையில் கொடுத்து வைத்தவர்கள். பூஸ்ட் விழும் பிரச்சினையே கிடையாது. சுற்று இறங்கினாலும் அந்த எஞ்சின் பொறுமையாக இழுக்கும். ஆனால் திறன் குறைவு, ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும். ரேஷியோ மாற்றினால் ஏறும், வேகமாக ஏறாது.

சரி, இழுவைதானே வேண்டும், 33க்கே 4.88 போட்டுவிடலாமே என்பார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் ஓடிப் பாருங்கள். ஐந்தாவது கியர் 0.84 என்று வைத்தால் கம்பெனி நிலையில் 2590 சுற்று. 33உம் 4.56உம் என்றால் 2670, காதுக்கு வித்தியாசமே தெரியாது. 4.88 என்றால் 2850. சித்தியவான் வரை போய் வந்தால் இறங்கும்போது தலை கிர்ரென்று இருக்கும். டீசல் எஞ்சின் 4000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும். பெட்ரோல் எஞ்சினைப் போல மேலே இடம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து வரும் பல வண்ணப் பட்டியல்கள் பெட்ரோல் எஞ்சினை மனத்தில் வைத்துச் செய்தவை. 33 என்றால் இது, 35 என்றால் அது என்று அதில் போட்டிருக்கும் எண்ணை டீசலுக்கு அப்படியே எடுத்தால் ஒரு படி அதிகமாகிவிடும்.

எண்ணெய்ச் செலவும் இருக்கிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி கேட்காதவரே இல்லை. பெரிய டயர் போட்டதும் எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் ஒன்றைப் பாருங்கள். மீட்டருக்குக் கியர்பெட்டிப் பக்கத்திலிருந்து கணக்கு எடுக்கும் பழைய வண்டிகளில், 33 போட்டதும் ஓடோமீட்டர் ஓடிய தூரத்தை 7 விழுக்காடு குறைத்துக் காட்டும். நீங்கள் 500 கிலோமீட்டர் என்று நினைப்பது உண்மையில் 540. வேகமானியும் அப்படியே. 100 என்று காட்டும்போது 108இல் போகிறீர்கள், கேமராவுக்கு உங்கள் மீட்டர் தெரியாது. 4.56 போட்டால் இது சரியாகி, இரண்டு மூன்று விழுக்காடு கூட்டியே காட்டும். சக்கர சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் புதிய வண்டிகளில் டிஃபை மாற்றினாலும் மீட்டர் திருந்தாது. அதற்குத் தனியாகக் கருவி வைக்க வேண்டும், அல்லது கணினியில் சரிசெய்ய வேண்டும்.

காட்டைப் பற்றிப் பேசவில்லையே என்று கேட்பீர்கள். ஃபோர் வீலில் மெதுவாகப் போகப் போடும் லோ கியரில் எல்லோரும் வாய்க்கு வாய் சொல்லும் ஊர்ந்து போகும் கணக்கு, பாறை மேல் ஏறுபவர்களுக்கு முக்கியம். நம் ஊர் செம்பனைத் தோட்டத்து மழைச் சேற்றில் சக்கரம் வேகமாகச் சுற்றி மண்ணை உதற வேண்டும். மிகவும் பெரிய ரேஷியோ எண்ணோடு லோ ஒன்றில், அதாவது லோவின் முதல் கியரில், நின்றால் சக்கரம் சுற்றும் வேகமே வராது, எஞ்சின் மட்டும் கத்தும். இறக்கம்தான் வேறு கதை. பெரிய டயர் எஞ்சின் பிரேக்கைப் பலவீனமாக்குகிறது. லோ ஒன்றில் விட்டால் முன்பு பிடித்து இறங்கிய வண்டி, இப்போது கொஞ்சம் ஓடும். காட்டுக்குள் ரேஷியோ மாற்றியதன் அருமை எனக்குத் தெரிவது ஈரக் களிமண் இறக்கத்தில்தான்.

கேமரன் மலையில் காய்கறி இறக்கும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழைய சீரிஸ் வண்டிகளின் டிஃப் 4.7. அந்தக் காலத்து எஞ்சினுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. பின்னால் வந்த டிஃபெண்டர் டீசல் பலவற்றில் டிஃப் 3.54 ஆனாலும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டி ஹை கியரிலேயே 1.41 சேர்த்துவிடுகிறது. பெருக்கிப் பார்த்தால் 5 வரும். அதனால் டிஃபெண்டர்காரர்கள் ஹைலக்ஸ் நண்பரின் எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. அவர்களில் பலருடைய கம்பெனி டயரே 32 இஞ்சை ஒட்டியது, அவர்கள் 33க்கு ஒன்றுமே செய்ய வேண்டாம்.

35 இஞ்சை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 4.88 போட்டால் சுற்றுக் கணக்கு நேராகிவிடும், உண்மைதான். ஆனால் 4.1இல் 10 பல் இருந்த பினியன், 4.56இல் 9, 4.88இல் 8 ஆகிறது. பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது, அதன் மேல் கனமான டயர். முன்பக்க டிஃப் பல வண்டிகளில் பின்பக்கத்தைவிடச் சிறியது, முதலில் அதுதான் போகும். பிரேக்குக்கும் ரேஷியோ ஒன்றும் செய்யாது. கனமான சக்கரத்தை நிறுத்த அதே பழைய டிஸ்க்தான். டயர் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறை, நிறுத்தும். மாற்றம் செய்யும் முன் விதியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி வாங்கும் விஷயம். ஃபோர் வீல் வண்டியில் டிஃப் இரண்டு, செட்டும் இரண்டு வாங்க வேண்டும். பின்பக்கம் மட்டும் மாற்றிவிட்டு முன்பக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஓட்டுபவர்கள், மறந்துபோய் ஒருநாள் ஃபோர் வீலைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் பெட்டி உடையும். வெட்டி வந்த பழைய வண்டிகளின் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் டிஃபைக் கழற்றி வாங்குபவர்கள் கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். 3.9உம் 4.1உம் வெளியில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். டிஃப் மேசையில் இருந்தால் பல்லை எண்ணுங்கள். வண்டியில் இருந்தால் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தூக்கிய சக்கரத்தை முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்டில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று ஒருவர் பார்க்க வேண்டும். வரும் எண்ணிக்கைதான் ரேஷியோ. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் இல்லாத சாதாரண டிஃபுக்கு இது பொருந்தும்.

பொருத்துகிற பட்டறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கிரவுனும் பினியனும் சேர்த்து அரைத்த ஜோடி, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் இடைவெளி, டொயோட்டா 8 இஞ்ச் டிஃபுக்கு 0.13இலிருந்து 0.18 மில்லிமீட்டர். இந்த இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்பவரிடம் விடாதீர்கள். பல்லில் சாயம் தடவிச் சுற்றி, எங்கே உரசுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டுவதற்கு யோசித்தால் வேறு பட்டறை பாருங்கள். பேரிங், சீல் எல்லாம் அப்போதே புதிது போட்டுவிடுங்கள். அதில் மிச்சம் பிடித்தவர்கள் இரண்டாம் முறை கூலி கொடுக்கிறார்கள்.

பொருத்திய முதல் நாள் இருபது, முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். அதையே சில தடவை செய்யுங்கள். புதுப் பல் ஒன்றோடு ஒன்று படிகிற வரை சூடு அதிகமாக ஏறும். முதல் 800 கிலோமீட்டர் வரை டிரெய்லர் இழுக்காதீர்கள், காட்டுக்கும் போகாதீர்கள். அதன் பிறகு டிஃப் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். வடித்த எண்ணெயில் சாம்பல் நிற மெல்லிய தூள் இருந்தால் இயல்பு. சில்லு சில்லாக இரும்பு வந்தால் உடனே பட்டறைக்குத் திரும்புங்கள். மிதியிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிடும் சத்தம் வந்தாலும் அப்படியே. தானாக நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாமல் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.