நூலகர்களுக்குத் தமிழில் பயிற்சி வேண்டும்

அவைத்தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நூலக அறிவியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் கிளை நூலகர்களே, வணக்கம். பெயர் சொல்ல விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

லிங்க்டு டேட்டா, அதாவது நூல், ஆசிரியர் விவரங்களைக் கணினிகள் புரிந்துகொள்ளும்படி இணையத்தில் ஒன்றோடொன்று இணைத்து எழுதும் இணைப்புத் தரவு பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நூலகருக்கு என்ன பயிற்சி வேண்டும், எந்த மென்பொருள் வேண்டும், பணம் எங்கிருந்து வரும். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். மாசி வீதியில் சித்திரைத் தேர் பார்த்த உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். "தம்பி, மு.வ. எழுதினது எல்லாம் எடுத்துக் கொடுங்க" என்றார். கணினி முன் இருந்த இளைஞர் 'மு.வ.' என்று தட்டினார். சில புத்தகங்கள்தான் வந்தன. ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரா இருந்தவர், 1974-இல காலமாகிற வரைக்கும் அந்தப் பதவியிலதான் இருந்தார். அவருக்கு நம்ம ஊர்ல இவ்வளவுதானா?" என்றார். தம்பி பதறிப்போய் 'மு. வரதராசன்' என்று தட்டினார், வேறு பட்டியல். 'வரதராசனார்', அது ஒரு பட்டியல். ஜ போட்டு 'வரதராஜன்', இன்னொன்று. ஆங்கில எழுத்தில் தட்டினால் யார் யாரோ வரதராஜன்கள் கலந்து வந்தார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பகுதிநேர ஊழியர் அம்மா ஒருவர் எழுந்து, "ஐயா, இப்படி வாங்க" என்று அலமாரி அலமாரியாகக் கூட்டிப்போய் அத்தனையையும் எடுத்துக் கொடுத்தார்! (கைதட்டல்)

அந்த அம்மாவின் தலைக்குள் இருப்பதைத்தான் கணினிக்குள் கொண்டுவர வேண்டும். இணைப்புத் தரவில் மு.வ.வுக்கு இணையத்தில் ஒரே ஒரு நிரந்தர முகவரி. எல்லாப் பெயர் வடிவங்களும் அதன்கீழ் வரும். "இந்த நூல், எழுதியவர், இந்த முகவரி" என்று மூன்று உறுப்புள்ள சிறு வாக்கியமாக எழுதிவிட்டால் எந்த நாட்டுக் கணினியும் புரிந்துகொள்ளும். வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இதற்கான விதிகளை 2006-இல் எழுதினார். நூல் விவரங்களைக் கணினியில் பதிய 1960-களில் பிறந்த மார்க் வடிவத்துக்கு மாற்றாக, அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2012-இல் இணைப்புத் தரவு முறையிலான பிப்ஃபிரேமை முன்வைத்தது. அதே ஆண்டு தொடங்கிய விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தில் நீங்களும் நானும்கூடப் பதியலாம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். நான் பார்த்த சில வகுப்புகளில் எடுத்த எடுப்பிலேயே ஆர்டிஎஃப் என்ற அந்த மூன்று உறுப்பு வாக்கிய முறை, ஸ்பார்க்கிள் என்ற தரவு தேடும் வினவல் மொழி என்று ஆங்கிலத்தில் ஓட்டுகிறார்கள். மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ், அதோடு முடிந்தது. வினவல் மொழி கடைசியில் வரட்டும். முதலில் பெயர்களை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொடுங்கள். நெடுநல்வாடை பாடிய நக்கீரரும் பதினோராம் திருமுறையில் வரும் நக்கீரதேவ நாயனாரும் ஒருவரா, வேறா? இதை யோசித்துப் பிரித்தெழுதத் தெரிந்தவர்தான் நல்ல தரவு தருவார். அது நம் நூலகர்களால் முடியும். அப்புறம், தங்கள் நூலகப் பதிவுகளையே கொண்டுவந்து, பல நாட்டு நூலகங்களின் ஆசிரியர் பெயர்களைச் சேர்த்துவைத்திருக்கும் வயாஃபிலும் விக்கிடேட்டாவிலும் தேடிப் பொருத்திப் பழக வேண்டும். எல்லாம் தமிழில் நடக்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்றால் வடம் பகுதிநேர ஊழியர் கைக்கும் எட்ட வேண்டாமா?

மென்பொருள் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்பதோடு விடுகிறேன்.

பணம்தான் முக்கியம். இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் அவர்கள் பாடுபட்டதால் வந்த 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலக வரியைத் தந்தது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நாம் எல்லோரும் கட்டுகிறோம். அதில் ஒரு பங்கை நூலகர் பயிற்சிக்கென்றே ஒதுக்குங்கள், மதுரையிலேயே நடத்துங்கள், பகுதிநேர ஊழியருக்கும் பயணப்படி கொடுங்கள். இதைக் கேட்டு ஒரு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். ஊர் கூடித் தேர் இழுக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. தேநீர் குடிக்கப் போகும்போது கிளையின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் இன்றைக்கே பெற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.