மாநிலப் படைக்குத் தலைவராக யாருக்குத் தகுதி?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு படை இருக்கிறது. இந்தியாவில் பாதுகாப்பு முழுக்க மத்திய அரசின் பட்டியலில் வருவது. முதல்வருக்குக் கீழே போலீஸ் உண்டு, ராணுவம் கிடையாது. அங்கே மாநில ஆளுநருக்குக் கீழேயே நேஷனல் கார்டு என்ற படை இயங்குகிறது. ஆளுநர் என்றதும் ராஜ்பவனை நினைத்துவிட வேண்டாம். அங்கே ஆளுநர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதல்வர் மாதிரி.

50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள் என்று மொத்தம் 54 இடங்களில் இந்தப் படை உண்டு. சுமார் 4,30,000 பேர். இவர்களில் பெரும்பாலோருக்கு இது பகுதிநேர வேலை. வாரம் முழுக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர், லாரி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவர் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு சீருடை போட்டுப் பயிற்சிக்குப் போவார். வருடத்துக்கு இரண்டு வாரம் முகாம். வெள்ளம், காட்டுத்தீ என்றால் ஆளுநர் கூப்பிடுவார். போர் என்றால் அதிபர் கூப்பிடுவார். இப்படி இரண்டு பேருக்குக் கட்டுப்பட்ட படையை மாநிலத்தில் நடத்துகிறவருக்கு அட்ஜுடன்ட் ஜெனரல் என்று பெயர். அந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்று சட்டம் என்ன சொல்கிறது, சொல்ல வேண்டியதைச் சொல்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு.

1787-ல் எழுதப்பட்ட அரசியலமைப்பிலேயே இதற்கு வேர் இருக்கிறது. மாநிலப் படைகளை எப்படி அமைப்பது, எப்படி ஆயுதம் தருவது என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கும். ஆனால் அதிகாரிகளை நியமிக்கும் உரிமை மாநிலங்களுடையது என்று அது பிரித்து வைத்தது. 1792-ல் வந்த சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு அட்ஜுடன்ட் ஜெனரல் இருக்க வேண்டும் என்றது. அவருடைய வேலை, மேலிடத்து உத்தரவுகளைப் படைப்பிரிவுகளுக்குக் கொண்டு சேர்ப்பது, கணக்கு வாங்கி அனுப்புவது. பெரும்பாலும் எழுத்து வேலை. அதனால் தகுதியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை என்று நினைக்கிறேன். பதவி வளர்ந்துவிட்டது. விதிகள் அந்த வேகத்தில் வளரவில்லை.

இது எவ்வளவு கனமான பதவி என்பதற்கு 1957 செப்டம்பரைப் பாருங்கள். அர்கன்சாஸ் மாநிலம், லிட்டில் ராக் நகரம். வெள்ளையர் மட்டும் படித்துவந்த உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் போகிறார்கள். ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் நேஷனல் கார்டை அனுப்பி வாசலிலேயே அவர்களைத் தடுத்தார். மூன்று வாரத்துக்குள் அதிபர் ஐசனோவர் அந்தப் படையையே மத்திய அரசின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் பிரிவையும் இறக்கினார். தடுத்து நின்ற அதே படை, பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் காவல் நிற்க வேண்டிவந்தது. அப்படி ஒரு நாளில் ஆளுநருக்குப் பக்கத்தில் நிற்கும் ஜெனரலுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லும் துணிச்சலும் வேண்டும்.

சரி, யார் வரலாம்? பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் நியமிக்கிறார். டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தின் நேஷனல் கார்டில் குறைந்தது மேஜர் தரத்தில் இருக்கும் அதிகாரியாக இருக்க வேண்டும், அந்தப் படையிலேயே 5 வருடமாவது பணியாற்றியிருக்க வேண்டும் என்கிறது அங்கே சட்டம். மாநில சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதலும் தேவை. வெளியிலிருந்து வேண்டியவர் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க முடியாது.

தென் கரோலினாவின் கதையே வேறு. அங்கே அட்ஜுடன்ட் ஜெனரலை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டசபைத் தேர்தல் போலவே கட்சிச் சின்னம், பிரச்சாரம், சுவரொட்டி எல்லாம் உண்டு. ராணுவத்தில் ஒரு நாள்கூட இல்லாதவரும், வாக்காளர் தகுதி இருந்தால் போதும், போட்டியிடலாம் என்ற நிலை. ஜெயித்தால் தோளில் இரண்டு நட்சத்திரம் அணியும் ஜெனரல்! நடைமுறையில் அனுபவமுள்ள அதிகாரிகள்தான் வந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் படைத் தலைவரே வேட்பாளர் என்றால் அவருக்குக் கீழே இருக்கும் கர்னலும் கேப்டனும் என்ன செய்வார்கள்? யாருக்கு ஆதரவு, யார் நன்கொடை கொடுத்தார் என்ற பேச்சு முகாமுக்குள் வராமல் இருக்குமா? எதிர்த்து நின்றவர் தோற்றுவிட்டால் அடுத்த நாள் அதே தலைவருக்குத்தான் சல்யூட் அடிக்க வேண்டும். ஒரு படைக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. 2014 நவம்பரில் மக்களே வாக்களித்து அந்த முறையை மாற்றினார்கள். கடைசியாகத் தேர்தலில் வந்தவர் ராபர்ட் லிவிங்ஸ்டன். 2019-லிருந்து ஆளுநர் நியமனம்.

வெர்மான்ட் மாநிலத்தில் இன்னொரு வழி. அங்கே சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில், பிப்ரவரி மாதக் குளிரில், மான்ட்பீலியர் நகரின் சட்டமன்றக் கட்டடத்தில் இரு அவைகளும் ஒன்றாகக் கூடும். கீழவையில் 150 பேர், செனட்டில் 30 பேர். காகிதச் சீட்டில் எழுதி ரகசியமாக வாக்களிப்பார்கள். அதே அமர்வில் சட்டமன்றப் பாதுகாவலரையும் பல்கலைக்கழக அறங்காவலர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் வேட்பாளர்கள் அந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்திலும் கேன்டீனிலும் உறுப்பினர்களைப் பிடித்துப் பேசி ஆதரவு கேட்பார்கள்.

இதைக் கேட்டதும் இதுவும் அரசியல்தானே என்று தோன்றும். ஆமாம், அரசியல்தான். ஆனாலும் 1997-ல் அந்தச் சீட்டுகளிலிருந்துதான் மார்த்தா ரெய்ன்வில் வந்தார். விமானப் பராமரிப்பு அதிகாரியாக இருந்தவர், அதுவரை ஜெனரல் நட்சத்திரம் அணியாதவர். பதவியில் இருந்த ஜெனரலை எதிர்த்து நின்று ஜெயித்தார். அமெரிக்க வரலாற்றில் ஒரு மாநிலத்துக்கு அட்ஜுடன்ட் ஜெனரலான முதல் பெண் அவர். 2006 வரை இருந்தார். “ஏற்கெனவே பிரிகேடியர் ஜெனரலாக இருக்க வேண்டும்” என்று அன்று ஒரு விதி இருந்திருந்தால் அவர் வாசலிலேயே நின்றிருப்பார். அந்தத் தரத்தில் அப்போது பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தகுதி விதியை இறுக்கிக்கொண்டே போனால் பதவியில் இருப்பவரும் அவருடைய துணைவரும் மட்டுமே மிஞ்சுவார்கள். சேவை ஆண்டு, உயர் ராணுவக் கல்வி, அந்த மாநிலப் படையோடு பழக்கம், இந்த மூன்றையும் கேளுங்கள். நட்சத்திரத்தை முன்கூட்டியே கேட்காதீர்கள் என்பேன்.

ஏனென்றால் நட்சத்திரத்தை உரசிப் பார்க்க வேறொரு படி இருக்கிறது. மாநிலம் யாரை ஜெனரல் என்று அறிவித்தாலும், மத்திய அரசின் அங்கீகாரம் இல்லாமல் மாநிலத்துக்கு வெளியே அந்தத் தரம் செல்லாது. சாதாரண அதிகாரிகளுக்கே மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உட்கார்ந்து உடல் தகுதி, நடத்தை, தொழில் திறமை மூன்றையும் பார்க்கும். ஜெனரல் தரம் என்றால் அமெரிக்க செனட்டின் ஒப்புதல்வரை போகும். மாநிலம் கவனக்குறைவாக ஒருவரைப் போட்டுவிட்டால் பிடித்து நிறுத்த ஒரு கை இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாகவே படுகிறது.

ஆனால் இந்த எல்லாத் தகுதியும் உள்ளவரை நியமித்த பிறகும் சிக்கல் வரலாம். 2021 நவம்பரில் ஓக்லஹோமா ஆளுநர் கெவின் ஸ்டிட், பதவியில் இருந்த ஜெனரலை மாற்றிவிட்டு தாமஸ் மான்சினோவை நியமித்தார். மான்சினோ அனுபவமுள்ள அதிகாரி, தகுதியில் குறை சொல்ல முடியாது. வந்த வேகத்தில், மாநிலக் கட்டுப்பாட்டில் இருக்கும் வீரர்கள் கோவிட் தடுப்பூசி போட வேண்டிய கட்டாயமில்லை என்று உத்தரவு போட்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் அன்றைய உத்தரவு நேர் எதிரானது. வழக்கு நீதிமன்றம் போனது. மாநிலம் கேட்ட தடையை நீதிபதி தரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், வார இறுதியில் பயிற்சிக்கு வரும் அந்த லாரி ஓட்டுநரும் நர்ஸும்தான். யாருடைய உத்தரவை மீறினாலும் வேலை போகும் என்ற பயம் அவர்களுக்கு. அவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம் அதிகம். நியமனத்துக்கு நிபந்தனை எழுதிய சட்டங்கள், நினைத்த நேரத்தில் மாற்றுவதற்கும் நிபந்தனை எழுத வேண்டும். குறிப்பிட்ட பதவிக்காலம், நீக்குவதற்கு எழுத்தில் காரணம், இந்த இரண்டும் எல்லா மாநிலத்திலும் கட்டாயம் ஆக வேண்டும்.

தலைநகர் வாஷிங்டனுக்கு இந்த விவாதமே எட்டவில்லை. அங்கே ஆளுநர் இல்லை. படைத் தலைவரை அதிபரே நியமிக்கிறார். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்ற வளாகத்துக்குள் கூட்டம் புகுந்தபோது, நாடாளுமன்றக் காவல்துறைத் தலைவர் மதியம் 1.49-க்கு உதவி கேட்டார். படையை அனுப்ப ஒப்புதல் தன் கைக்கு வந்தது மாலை 5.08-க்கு என்று அப்போதைய தலைவர் வில்லியம் வாக்கர் செனட்டில் சாட்சி சொன்னார். இடையில் 3 மணி 19 நிமிடம். அந்தப் படையின் கட்டுப்பாட்டை நகர மேயரிடம் கொடுக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் சபை அதே ஆண்டு ஒரு மசோதாவில் சேர்த்து நிறைவேற்றியது. இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

நன்றி, வணக்கம்.