மூளைப் படமும் ஒப்புதல் படிவமும்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, மனநல மருத்துவத் துறையின் மூத்த பேராசிரியப் பெருமக்களே, இவ்வாண்டு முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். முதல்வர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியை அவருடைய பெருந்தன்மைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

மனநோய்களை ஆராய்வதற்கான மூளைப் படமெடுப்பு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. படம் எப்படி உருவாகிறது, அதை எவ்வளவு நம்பலாம், சிகிச்சைக்கு அது எவ்வாறு உதவும் என்று மூன்றாகப் பிரித்துப் பேச எண்ணியிருக்கிறேன். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்ற பழமொழி இத்துறைக்கென்றே பிறந்ததோ என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

மூளை இயங்குவதைக் காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படத்தில் சிவப்பாகத் தெரியும் இடத்தில் சிந்தனை நடக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். அக்கருவி உண்மையில் கவனிப்பது இரத்தத்தை. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினும் அதை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப் புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்று வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-இல் காட்டினார்கள்; அந்த வேறுபாட்டைக் கொண்டே மூளையைப் படமெடுக்கலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990-இல் எலிகளில் நிறுவினார். நரம்பணுக்கள் இயங்கியபின் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் உச்சத்தை எட்ட ஏறத்தாழ ஐந்து விநாடி ஆகிறது. நாம் காண்பது சற்றுமுன் நடந்ததன் தடம். அதற்கு வண்ணம் தீட்டுவது புள்ளியியல்.

வண்ணம் தீட்டும்போது என்ன நேரும் என்பதற்கு ஒரு மீன் கதை உண்டு. அமெரிக்காவில் கிரெய்க் பென்னெட் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்தார்கள். மீன் இறந்துபோயிருந்தது, கடையில் வாங்கிய மீனுக்கு வேறு என்ன நிலை இருக்க முடியும்? ஆயினும் சோதனை முறைப்படியே நடந்தது. மனிதர்கள் பலவித உணர்ச்சிகளோடு இருக்கும் புகைப்படங்களை அதற்குக் காட்டி, படத்திலிருப்பவர் என்ன உணர்கிறார் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். மீன் பதில் சொல்லவில்லை. ஆனால் கணினி சொன்னது: மீனின் மூளைப் பகுதியில் சில புள்ளிகள் ‘இயங்கின’. மூளைப் படம் லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கனசதுரங்களால் ஆனது. ஆயிரத்துக்கு ஒரு தவறு மட்டுமே என்று கண்டிப்பாக வைத்தால்கூட, தற்செயலாகவே நூறு இடங்கள் ஒளிரும். இத்தனை இடங்களை ஒருசேரச் சோதிப்பதற்கு உரிய புள்ளியியல் திருத்தத்தைச் செய்தவுடன் மீன் மறுபடியும் இறந்தது. 2009-இல் மாநாட்டில் வைக்கப்பட்ட இந்த ஆய்வுக்கு 2012-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கத்தக்க பரிசுதான், ஆனால் திருத்தம் செய்யாமல் அச்சேறிய கட்டுரைகளை எழுதியவர்கள் அன்று சிரித்திருக்க மாட்டார்கள். தீர விசாரிப்பதே மெய் என்பதற்கு அந்த மீனைவிட நல்ல சாட்சி இல்லை.

மெய்யான வேறுபாடுகளும் இருக்கின்றன. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு, ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள 2,028 பேரையும் அந்நோய் இல்லாத 2,540 பேரையும் ஒப்பிட்டு, முதல் குழுவில் நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சராசரியாகச் சிறுத்திருப்பதைக் கண்டது. ஆனால் இரு குழுக்களின் அளவுகளும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன; ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து அவருக்கு நோய் உண்டா இல்லையா என்று கூற முடியாது. மூளையின் அளவுகளையும் நடத்தையையும் நம்பத்தக்க வகையில் இணைக்க ஆயிரக்கணக்கானோர் தேவை என்று ஸ்காட் மாரெக் குழுவினர் 2022-இல் காட்டினார்கள். அத்தகைய ஆய்வுகளில் வழக்கமாகச் சேர்க்கப்பட்டவர்களோ இருபத்தைந்து பேர் அளவில்தான்.

ஆய்வு மாணவர் ஒருவர் ஆயிரம் பேரைப் படமெடுக்க முடியாது. பல நிறுவனங்கள் தரவுகளைச் சேர்த்துப் பகிர வேண்டும். அதற்கு மக்கள் நம்பி வர வேண்டும். (எங்கே தொடங்கினாலும் இவர் ஒப்புதல் படிவத்தில்தான் வந்து நிற்பார் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.) 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆய்வுக்கு நோயாளியின் சுதந்திரமான, அறிந்து தரும் ஒப்புதலைக் கேட்கிறது. அறிந்து என்றால் எதை அறிந்து? குறுகிய குழாய்க்குள் நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும், அச்சம் வந்தால் கையிலுள்ள ரப்பர் பந்தை அழுத்தலாம், தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்தப் படம் உங்கள் மகனுக்கு என்ன நோய் என்று சொல்லாது’ என்ற வாக்கியம் எத்தனை படிவங்களில் முதல் பக்கத்தில் இருக்கிறது? ஸ்கேனில் நோய் தெரிந்துவிடும் என்று நம்பி வரும் தாயிடம், அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவதை என்னால் ஒப்புதல் என்று ஏற்க இயலாது.

சிகிச்சை பற்றிய மூன்றாவது பகுதிக்கு நேரமில்லை என்று அமைப்பாளரிடமிருந்து சீட்டு வந்துவிட்டது. அதற்கு உரியவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். துணைவேந்தர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். அறநெறிக் குழுவில் துறை சாராத பொதுமனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. ஒவ்வோர் ஆய்வின் தமிழ்ப் படிவத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் அதைத் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே ஆய்வுக்கு அனுமதி என்று இந்தப் பல்கலைக்கழகம் இவ்வாண்டே ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.